உண்ண மறுக்கும் பிள்ளை: பிடிவாதமா, பக்தியா, நோயா?

2025 மார்ச்சில் வடகேரளத்தில் ஓர் இளம்பெண் மருத்துவமனையில் உயிரிழந்தார். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் உணவைக் குறைத்து வந்தார் என்றும், அவருக்கு இருந்தது 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்னும் உணவு மறுப்பு நோய் என்றும் செய்திகள் கூறின. 'இது நகரத்துப் பிள்ளைகளுக்கு வருவது' என்று நம்மில் பலர் அதைக் கடந்து போயிருப்போம். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் சோறு இல்லாமல் மெலிந்த பிள்ளைகளை நாம் அறிவோம். சோறு இருந்தும் உண்ணாமல் மெலிகிற பிள்ளையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்நோய் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவதற்கு அதுவே காரணமாகிறது.

மெலிந்த பெண்பிள்ளை ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தால், மருத்துவர் முதலில் இரத்தசோகை, குடற்புழு, காசநோய், தைராய்டு, நீரிழிவு ஆகியவற்றைச் சோதிப்பார். அது முறையானதே. ஆனால் சோதனைகளில் குறை எதுவும் தெரியாமல், எடை மட்டும் குறைந்துகொண்டே போனால், 'கொழுப்பு', 'பிடிவாதம்' என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். சிலர் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். காலம் வீணாகிறது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

1870களில் இலண்டனில் வில்லியம் கல், பாரீசில் சார்ல் லாசேக் ஆகிய இரு மருத்துவர்கள் இந்நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். நரம்புத் தளர்ச்சியால் வரும் பசியின்மை என்ற பொருளில் கல் இதற்குப் பெயரிட்டார். அப்பெயர் முழுவதும் பொருந்தாது. நோயாளிகள் பலருக்குப் பசி இருக்கிறது. அதை அடக்கி வைக்கும் அச்சம் பசியைவிட வலியதாக இருக்கிறது.

அந்த அச்சம் எல்லா நாட்டிலும் ஒரே மொழியில் பேசுவதில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றே சொன்னார்கள். 1995இல் தில்லி மருத்துவர்கள் விவரித்த இளம்பெண்களும் உண்ண மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், எடை இழந்தார்கள். உடல் தோற்றம் பற்றிய கவலை அவர்களிடம் தெளிவாக இல்லை. எனவே 'ஒல்லியாக வேண்டும்' என்று சொன்னால்தான் இந்நோய் என்று நாம் காத்திருக்கக் கூடாது. 2013இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வரையறையும், அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாத நடத்தை தொடர்ந்தால் போதும் என்கிறது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அப்போது நீக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும்.

சிகிச்சையில் முதல் மருந்து உணவே. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நலமான 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அவர்களுக்கு எந்நேரமும் உணவைப் பற்றியே நினைவு. எரிச்சல், சோர்வு, தனிமை நாட்டம். பட்டினியே மனத்தை மாற்றிவிடும் என்பதை இது காட்டியது. உடல் ஓரளவு தேறிய பிறகே அறிவுரை உள்ளே இறங்கும். இந்நோயை நேரடியாகக் குணமாக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை.

ஆனால் மிகவும் மெலிந்துவிட்டவருக்கு வீட்டில் திடீரென்று நிறையச் சோறூட்டுவது ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டெனக் குறைந்து இதயம் தடுமாறலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நிற்க முடியாத தளர்ச்சி இருந்தால் மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

பெற்றோரின் இடமும் இன்று மாறியிருக்கிறது. அக்காலத்தில் கல், குடும்பத்தாரிடமிருந்து நோயாளியைப் பிரித்து வைப்பதே நல்லது என்று கருதினார். 1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதற்கு மாறான வழி பிறந்தது. வளரிளம் பிள்ளைகளுக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரே ஏற்க, மருத்துவக் குழு துணை நிற்கிறது. நோய் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் வந்த பிள்ளைகளுக்கு இது நல்ல பலன் தந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாகப் பார்க்காத சிகிச்சை இது. மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கோ, உடன் அமர்ந்து சாப்பிட அம்மா இல்லை. அங்கே விடுதிக் காப்பாளரும் ஆசிரியரும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

திருஅவை மக்களாகிய நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. தவக்கால நோன்பு என்ற பெயரில் இந்நோய் மறைந்துகொள்ள முடியும். உண்ண இயலாத தம் நிலையைச் சியன்னா நகர் புனித கத்ரீன் ஒரு நோயாகவே குறிப்பிட்டு, அது நீங்க வேண்டினார். 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தொகுப்பின்படி 18 வயது நிரம்பாதவருக்கு நோன்புக் கடமை இல்லை. நோயுற்றோர் மீதும் அது சுமத்தப்படுவதில்லை. உயிர்ப்பு விழா முடிந்தும் நோன்பு முடியவில்லை என்றால், அதைப் பக்தி என்று பாராட்டாமல் விசாரிப்போம்.

தனியே உண்பது, பிறருக்குச் சமைத்துவிட்டுத் தான் உண்ணாதிருப்பது, எப்போதும் தளர்ந்த உடை, குளிர்ந்த கைகள், அடிக்கடி மயக்கம் ஆகியவற்றைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் அழைத்துச் செல்வோம். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இன்று நம் அருகில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

'ஏன் சாப்பிடவில்லை?' என்று அதட்டுவது எளிது. 'வா, நானும் உன்னோடு உட்காருகிறேன்' என்று சொல்லி, ஒவ்வொரு வேளையும் பல மாதங்கள் உட்காருவது கடினம். நம் பங்கில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், அவர்களைத் தனியே விட்டுவிடாமல் உடன் நிற்போமா?