கை குலுக்கினால் போதுமா?

"பரம்பரைப் பகைவர்கள்!"

பிரான்சு நாட்டாரையும் ஜெர்மானியரையும் ஒரு காலத்தில் இப்படித்தான் அழைத்தார்கள். பள்ளியிலே அதைச் சொல்லிக் கொடுத்தார்கள், பாசறையிலே சொன்னார்கள், பத்திரிகையிலே எழுதினார்கள். பகையோடு பிறந்து பகையோடு சாகிறவர்களாம் அந்த இரு நாட்டு மக்களும்! சான்று? எழுபது ஆண்டுக்குள் மூன்று போர்கள் - 1870, 1914, 1939!

உண்மை என்ன, தோழர்களே?

1871-ல் வென்றது ஜெர்மனி. வென்றவர்கள் தோற்ற நாட்டின் வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்திலேயே தங்கள் சாம்ராஜ்யத்தை அறிவித்தார்கள். 500 கோடி பிராங்கு தண்டம் விதித்தார்கள். அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் பறித்துக் கொண்டார்கள். 1919-ல் பிரான்சின் முறை வந்தது. அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்தது. 1940-ல் இட்லரின் முறை. 1918-ல் ஜெர்மனி பணிந்து கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியை வெளியே கொண்டுவரச் செய்து, அதே இடத்தில், பிரான்சைப் பணிய வைத்தான்.

அதே மண்டபம்! அதே பெட்டி! பழிக்குப் பழி! மண்டபத்தில் தலை குனிந்தவர்கள் ஆட்சியாளர்கள். களத்தில் தலை உருண்டதோ உழவன் மகனுக்கும் தொழிலாளியின் மகனுக்கும்! 1916-ல் வெர்டன் என்ற ஒரே களத்தில், ஏறத்தாழ 300 நாட்களில், இரு தரப்பிலுமாக மாண்டவர்கள் சுமார் மூன்று இலட்சம் பேர்.

இதுவா மக்களின் பகை? இல்லை என்பதற்குச் சாட்சி, வட பிரான்சின் குரியேர் நிலக்கரிச் சுரங்கம்.

1906, மார்ச்சு 10. அந்தச் சுரங்கம் வெடித்தது. 1,099 பேர் மடிந்தார்கள். மொராக்கோவில் யார் கை ஓங்குவது என்று இரு நாட்டு ராஜதந்திரிகளும் அல்ஜெசிராஸ் மாநாட்டில் மல்லுக்கட்டிக் கொண்டிருந்த நேரம் அது. அப்போது மூச்சுக் கருவிகளுடன் எல்லை தாண்டி ஓடிவந்தது யார்? ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாச் சுரங்கத் தொழிலாளர்கள்! நச்சுக் காற்று நிறைந்த குழிக்குள், "பகைவனை"த் தேடி அவர்கள் இறங்கினார்கள். கரியால் கறுத்த முகத்தில் எந்த நாட்டு முத்திரை தெரியும்?

மேலே இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் விளங்க, இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன.

1950, மே 9-ல் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் வைப்போம் என்றார். ஏன் நிலக்கரி? ஏன் எஃகு? அவை இல்லாமல் பீரங்கி இல்லை, டாங்கி இல்லை! ஜெர்மன் தலைவர் அடினார் இசைந்தார். 1951-ல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. வேலை இழக்கும் தொழிலாளிக்கு உதவித் தொகை தரவும் அந்த உடன்படிக்கையிலே இடம் இருந்தது.

1963, சனவரி 22-ல் அடினாரும் டிகாலும் நட்புறவு ஒப்பந்தம் செய்தார்கள். டிகால் யார்? வெர்டன் களத்தில் காயம்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர்! அவரே கை நீட்டினார். கை நீட்டியதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் இளைஞர் பரிமாற்றத்துக்கென்று ஓர் அமைப்பு உருவானது. இதுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியே பங்குபெற்றிருக்கிறார்கள். 2006-ல் இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வந்தது. எந்தப் பள்ளியில் பகை கற்பித்தார்களோ, அந்தப் பள்ளியிலேயே!

"எல்லாம் அமெரிக்காவின் நெருக்குதல், ரஷ்யாவைக் கண்ட அச்சம், ஆலை முதலாளிகளின் கணக்கு" என்பார்கள் சிலர். பொய்யல்ல, அவையும் இருந்தன. ஆனால் அச்சம் சேர்த்த கூட்டு, அச்சம் நீங்கினால் கலைந்திருக்க வேண்டுமே! சோவியத் நாடு 1991-ல் மறைந்தது. நிலக்கரி, எஃகு உடன்படிக்கை 2002-ல் காலாவதியானது. பிரான்சின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2004-லும், ரூர் பகுதியின் கடைசிச் சுரங்கம் 2018-லும் மூடப்பட்டன. நட்பு மூடப்படவில்லையே! காரணம், அது காகிதத்தோடு நிற்காமல் பட்டறைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் இறங்கியிருந்தது.

சமாதானம் என்றால் மறதி அல்ல. வெர்டன் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1984-ல் மித்தரானும் கோலும் கை கோத்து நின்றது அந்தக் கல்லறைகளின் முன்புதான். மாண்டவரை மறக்கவில்லை, மாண்டவர் பெயரால் மீண்டும் கொல்ல மறுத்தார்கள்.

தோழர்களே! எந்த இரு நாடுகளின் தலைவர்கள் கை குலுக்கும் படம் வந்தாலும், கை தட்டுமுன் கேளுங்கள்: தோற்றவனுக்கு மானம் மிஞ்சியதா? பாடநூல் திருந்தியதா? உழைப்பவனுக்கு அதில் பங்கு உண்டா?

உண்டென்றால் அது சமாதானம். இல்லையென்றால், அடுத்த போருக்கு முன் எடுத்த புகைப்படம்!