பெயர் அறிந்த பின் தீர்ப்புச் சொல்வோம்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் பங்குக் குடும்பங்களிலிருந்து ஒரே வகையான கேள்வி நமக்கு அடிக்கடி வருகின்றது. "எங்கள் வீட்டுக் கணினிக்கு ஆயுள் முடிந்துவிட்டதாம், புதியது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?" என்பதே அது. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் எண்ணிப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்திற்கு இது சிறிய கேள்வியன்று. நாம் திருப்பிக் கேட்பதும் ஒன்றே: "உங்கள் கணினியிலுள்ள இயங்குதளம் எது? அதில் எந்தப் பதிப்பு?" பெரும்பாலும் "விண்டோஸ்" என்ற விடையோடு பேச்சு நின்றுவிடுகின்றது.

கணினியின் உறுப்புகளை ஒருங்கே இயக்கி, நாம் இடும் பணிகளைச் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். தியாகராய நகரில் நகை வாங்கச் செல்லும் இல்லத்தரசி, "தங்கம்" என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் பணத்தை எடுத்து வைப்பதில்லை. 916 முத்திரை உண்டா, 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஆறு குறிகள் கொண்ட அடையாள எண் உண்டா என்று பார்த்தே வாங்குகிறார். அந்த விழிப்பு கணினி வரை செல்லாமற்போவது ஏனோ?

பதிப்பை அறிவது கடினமான வித்தையன்று. விண்டோஸ் கணினியானால், விசைப்பலகையில் நான்கு கட்டச் சன்னல் படமுள்ள விசையை அழுத்தியவாறே 'ஆர்' என்னும் எழுத்தை அழுத்துக. சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்னும் ஆறு எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி, 'என்டர்' விசையை அழுத்துக. இயங்குதளத்தின் பெயரும் வெளியீட்டு எண்ணும் திரையில் தோன்றும். விரிவாக அறிய விரும்புவோர் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', பின்னர் 'அபவுட்' என்று செல்லலாம். அங்கே 'எடிஷன்' என்ற இடத்தில் ஹோம், ப்ரோ முதலிய பதிப்பின் பெயரும், 'வெர்ஷன்' என்ற இடத்தில் வெளியீட்டு எண்ணும், 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 32 பிட், 64 பிட் என்ற விவரமும் இருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வைப்பது நன்று.

இந்த விவரங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. ஆயினும் 22ஹெச்2 என்னும் இறுதி வெளியீட்டைக் கொண்ட வீட்டுக் கணினிகள், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. நிறுவனங்களுக்கென வெளியிடப்பட்ட எல்டிஎஸ்சி 2021 என்னும் பதிப்புக்கோ 2027 ஜனவரி 12 வரை கெடு உண்டு. பெயர் ஒன்று, கெடு மூன்று! பெயரை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும்?

விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்பதற்கும் அந்தத் தாளே வழிகாட்டும். அதற்கு 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியன தேவை. இவை உள்ளிட்ட தேவைகள் யாவும் நிறைவேறுமாயின், முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10 கணினியைச் செலவின்றியே மாற்றிக்கொள்ள இயலும்.

இனி, "திருத்தம் இல்லாவிட்டால் என்ன? கணினி ஓடத்தானே செய்கிறது!" என்பாரும் உளர். 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கி, கோப்புகளை விடுவிக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல தத்தளித்தன. அது நுழைந்த வாயிலை அடைக்கும் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை ஏற்றியிருந்த கணினிகள் அத்தாக்குதலுக்குத் தப்பின. பங்கு அலுவலகக் கணினியில் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன. வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கு இருக்கின்றது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்தவற்றைத் திறந்த வீட்டில் வைத்துவிட்டு உறங்குவது முறையாகுமா?

இங்கே மனச்சான்றைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே 'ஆக்டிவேஷன்' என்ற இடம் இருக்கின்றது. உரிமம் உறுதிசெய்யப்பட்டதா என்பதை அங்கே காணலாம். விலை கொடாமல் திருட்டுப் படியை ஏற்றிக்கொள்வதை நாம் சாமர்த்தியம் என்று எண்ணிவிடுகிறோம். பத்துக் கட்டளைகளில் ஏழாவது, மென்பொருளுக்கு விலக்கு அளிக்கவில்லை. பழைய கணினி வாங்குவோரும் பணம் கொடுக்குமுன் இந்த இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுதல் வேண்டும்.

விலை கொடுக்க இயலாதவர்களுக்கு நேர்மையான வழி இல்லாமற் போகவில்லை. நம் அடையாற்றுக்கு அருகே, தரமணி டைடல் பூங்காவில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இது இலவசமாகக் கிடைப்பது. தமிழிலும் பயன்படுத்தத் தக்கது. பள்ளிகளுக்கென 'எடுபாஸ்' என்னும் தனிப் பதிப்பும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு இதுவும் சேர்த்தே வழங்கப்பட்டது. தம் கணினியில் இரண்டாவது இயங்குதளம் ஒன்று இருப்பதையே அறியாத வீடுகளும் இருந்தன. சில கணக்கு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பது உண்மையே. எனினும் படிக்க, எழுத, மின்னஞ்சல் அனுப்ப லினக்ஸ் போதும். அதற்கும் பதிப்பு பார்த்தல் அவசியம். பழைய பாஸும் காலாவதியாகக் கூடியதே. லினக்ஸில் 'செட்டிங்ஸ்' பகுதியின் 'அபவுட்' பக்கம் பெரும்பாலும் இதைக் காட்டிவிடும்.

எந்த மாற்றத்திற்கும் முன், கோப்புகளுக்கு வெளியே ஒரு படி எடுத்துவைக்க மறவாதீர்கள்.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், பதினைந்து வயதில் இறந்த இளைஞர். கணினியறிவை நற்கருணைப் புதுமைகளைப் பரப்பப் பயன்படுத்தியவர். நம் அன்பியங்களின் இளைஞர்கள் அவரை நினைத்து, ஒரு ஞாயிறு பிற்பகலில் தம் தெருவிலுள்ள முதியோரின் இல்லங்களுக்குச் சென்று, அந்த ஆறு எழுத்துகளைத் தட்டி, விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவரலாமே! ஒரு வீட்டில் வீண் செலவு தவிரும்; இன்னொரு வீட்டில் திறந்து கிடக்கும் வாயில் அடைபடும். இன்னும் உழைக்க வல்ல கணினி குப்பைக்குச் செல்லாமல், வின்சென்ட் தே பவுல் சபையின் வழியே ஓர் ஏழை மாணவியின் மேசைக்குச் சென்று சேரவும் கூடும்.