நோட்டைக் காட்டு: லோஹேகாவில் எழுதப்பட்ட பிரகடனம்

புனேயின் லோஹேகாவில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து இதை எழுதினோம். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், சுகோய் கிளம்பும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கூடியவர்களில் விமான் நகரில் கணினி வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் ஒருவர், இட்லிக் கடை அக்கா, கட்டட வேலைக்கு ஆள் விடும் மேஸ்திரிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். மேஸ்திரிகளைக் கூப்பிடலாமா என்று முதலில் சண்டையே நடந்தது.

எங்களைக் கூட்டி வைத்தவன் ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கம், பதினைந்து வயது. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள். பாதி கறுத்துவிட்டன, பாதி இன்னும் சிவப்பு. முறுக்குக் கம்பெனியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தவன், இட்லிக் கடையில் தமிழ்ப் பேச்சு காதில் விழவும் அப்படியே நின்றுவிட்டான். சாப்பிடச் சொன்னதற்கு, "அக்கா, காசில்ல" என்றான். சாப்பிட்டு முடித்ததும் அவன் கேட்டதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. "அப்பா வாங்குன முப்பதாயிரத்துல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கும்னு கேட்டுச் சொல்றீங்களா?"

இரண்டு வருட வேலை. அடி வாங்கியதைப் பற்றி அவன் சொல்லவில்லை, சட்டையைத் தூக்கியபோது நாங்களே பார்த்தோம். அவன் கவலையெல்லாம் அந்தக் கணக்கு பற்றித்தான். அந்தக் கணக்கு நோட்டை அவன் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் கொள்கை ஒன்றே ஒன்று. வேலைக்கு ஆள் பிடிக்கக் கொடுக்கும் முன்பணம் கடன் ஆகாது. அது அந்த ஆளுக்குப் பேசிய விலை. ஆள் கடத்தலை ஒழிக்க எத்தனை சட்டம் போட்டாலும், அந்த நோட்டின்மேல் கை வைக்காத சட்டம் வேலை செய்யாது.

இது எங்கள் கண்டுபிடிப்பில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே இதைச் சொல்லிவிட்டது. 1975 அக்டோபர் 25 முதலே அமலுக்கு வந்ததாகக் கொண்டு, கொத்தடிமைக் கடன் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. அதன் 15-ஆம் பிரிவை நாங்கள் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால் போதும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். அதாவது நோட்டை அவர்தான் காட்ட வேண்டும். ஆனால் காவல் நிலையத்தில் நடப்பது அப்படியே தலைகீழ். "எவ்வளவு வாங்கின, எப்ப வாங்கின, ரசீது இருக்கா?" என்று பையனைத்தான் உட்காரவைத்துக் கேட்கிறார்கள்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். 1976-இல் இரண்டாயிரம் பெரிய தொகை. இன்று லோஹேகாவில் ஒரு பிறந்தநாள் கேக்குக்கே அது சரியாகிவிடும்.

கடுமையான சட்டம் இல்லாமலில்லை. நிர்பயா சம்பவத்துக்குப் பின் 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவை மாற்றி எழுதினார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. சிறுவர் ஒருவரைக் கடத்தினால் குறைந்தது பத்து வருடம், அதிகபட்சம் ஆயுள். கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் 'கட்டாய உழைப்பு' என்ற சொல் இருந்தது. ஏப்ரலில் வந்த சட்டத்தில் அதைக் காணோம். நியாய சன்ஹிதா பிச்சையெடுக்க வைப்பதைப் புதிதாகச் சேர்த்தது, கட்டாய உழைப்பைத் திருப்பிச் சேர்க்கவில்லை. முறுக்குக் கம்பெனிக்காரரின் வக்கீல் நுழைய அந்த இடைவெளி போதும். அந்தச் சொல் 143-ஆம் பிரிவுக்குத் திரும்பி வரவேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது, விடுதலைச் சான்றிதழ். மீட்ட பிள்ளையை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்; ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆள் மீட்கப்பட்ட இடத்தின் அதிகாரி, இங்கே என்றால் புனே மாவட்ட நிர்வாகம், 'இவர் கொத்தடிமையாக இருந்தார், கடன் தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லையென்றால் மறுவாழ்வுத் தொகை இல்லை. அதைவிட முக்கியம், ஏஜென்ட் மறுபடி வீட்டு வாசலில் வந்து நிற்பார். "பையன் ஓடிட்டான், பாக்கியை வை, இல்ல தம்பியை அனுப்பு" என்பார். தாள் இருந்தால் அம்மா அதை எடுத்து நீட்டலாம். மீட்ட இடத்திலேயே, ரயில் ஏறுவதற்கு முன்பே, அந்தத் தாள் கைக்கு வரவேண்டும். வழக்கு புனேயில், சாட்சி உசிலம்பட்டியில் என்று இழுத்தடிக்காமல், ஊர் நீதிமன்றத்திலிருந்தே காணொளியில் சாட்சி சொல்ல வழி செய்ய வேண்டும்.

நோட்டின் கதை பழையது. 1859-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான்: முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. அதை ரத்துச் செய்ய 1925 ஆகிவிட்டது. நம் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் கங்காணியிடம் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. அதை வைத்துத் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கைமாற்றினார்கள். 1921-இல் அதை ஒழித்தார்கள். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவிக்கு முகாதம் என்ற மேஸ்திரி கொடுக்கும் 'உச்சல்' முன்பணம் என்ன? துண்டுக்கு மராத்தியில் வைத்த பெயர்தானே?

இந்த மண்ணில் நோட்டுக்கு எதிரான கதையும் உண்டு. மராத்தி பக்திக் கவிஞர் துக்காராமின் தாய் பிறந்த வீடு லோஹேகாவ்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடன் கொடுத்து வாங்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பஞ்சத்துக்குப் பின் தன் பங்குக் கடன் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் போட்டுவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எங்கள் கூட்டத்தில் இருந்த மராத்திக்காரர் ஒருவர் இதைச் சொன்னபோது மேஸ்திரிகளில் ஒருவர் எழுந்து வெளியே போனார். பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சிவப்பு அட்டை நோட்டோடு திரும்பி வந்தார். பதினொரு பேர் பெயர், எதிரே தொகை, சிலவற்றின் பக்கத்தில் கைரேகை. "நானும் இதைத்தான் பண்றேன்" என்றார். அவரைக் கூப்பிட்டது சரிதான்.

எங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கடத்தப்படுபவன் தமிழன், கடத்துபவன் வேறு யாரோ என்று பேசிக் கைதட்டு வாங்குவது எளிது. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்களை அடைத்து வைத்தவர்கள் யார்? கோவை, திண்டுக்கல் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருடம் கழித்துத் தாலிக்குப் பணம் என்று பெண் பிள்ளைகளை விடுதியில் பூட்டியவர்கள் யார்? முறுக்குக் கம்பெனி முதலாளியும் நம்மூர்க்காரர்தான். இந்த இயக்கம் எந்த மொழிக்காரர் நோட்டையும் கேட்கும்.

உலகத்தைப் பார்த்தால், 2000-இல் ஐ.நா. கொண்டுவந்த பாலெர்மோ நெறிமுறையில் இந்தியா 2002-இல் கையெழுத்திட்டது, 2011-இல்தான் உறுதி செய்தது. பிரிட்டன் 2015-இல் நவீன அடிமைத்தனச் சட்டம் போட்டது. அதன்படி பெரிய கம்பெனிகள் வருடா வருடம் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. எங்களுக்குப் பிடித்தது பிரேசில். அங்கே அடிமை வேலை வாங்கியதாக ஆய்வில் தெரியவந்த முதலாளிகளின் பெயர்களை அரசாங்கமே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. 'அழுக்குப் பட்டியல்' என்று அதற்குப் பெயர். முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பட்டியல் செல்லும் என்றது. மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் அப்படியொரு பட்டியலை வெளியிட வேண்டும். இது மூன்றாவது கோரிக்கை.

2018-இல் ஆள் கடத்தல் மசோதா ஒன்று மக்களவையில் நிறைவேறி, அடுத்த வருடம் அவை கலைந்ததோடு காலாவதியானது. அது போனதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. மீட்பது, காப்பகத்தில் வைப்பது என்பதில்தான் அதன் கவனமெல்லாம் இருந்தது. பாலியல் தொழில் நடக்கும் புத்வார் பேட்டையில் சோதனை என்ற பெயரில் வயது வந்த பெண்களை வேனில் ஏற்றிக் காப்பகத்தில் பூட்டுவதைப் புனே பல காலமாகப் பார்த்து வருகிறது. தானாக முடிவெடுத்த பெண்ணையும் கடத்தி வரப்பட்ட பெண்ணையும் ஒரே வேனில் ஏற்றுகிற சட்டத்தை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

நாங்கள் செய்யப்போவது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் லோஹேகாவ், தானோரி, வாகோலி பக்கத்து லேபர் கேம்ப்களுக்குப் போவோம். தமிழ், இந்தி, மராத்தி, ஒடியா தெரிந்த ஒருவராவது கூட வருவார். யார் எவ்வளவு வாங்கினார், எத்தனை நாள் வேலை பார்த்தார், குறைந்தபட்சக் கூலிப்படி எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போட்டு அவரவர் கையில் கொடுப்போம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஏசியாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்தக் கணக்கின் மேலேயே எழுதுவோம். நாங்களாகக் கதவை உடைத்து யாரையும் மீட்க மாட்டோம். புகாரை எழுத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குவோம்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கோஷம் மட்டும் முடிவாகிவிட்டது, "நோட்டைக் காட்டு". மராத்தியில் "வஹீ தாக்கவா".

உங்கள் வீட்டுப் பக்கம் கட்டடம் எழும்பினால், கடையில் சின்னப் பையன் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால், ஊர் எது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளை என்றால் சிறுவர் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். மேஸ்திரியாக இருந்தால் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். ஒருவர் ஏற்கெனவே வந்துவிட்டார்.