மூன்று லைன், சில மரங்கள், ஐந்து கோடி பேர்

மரக்கிளை கம்பியில் பட்டால் என்ன ஆகும்? தெருவில் ஒரு மணி நேரம் கரண்ட் போகும். லைன்மேன் வருவார், கிளையை வெட்டுவார், ஃபேன் சுற்றும். அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மதியம் 3.05க்கு கிளீவ்லாந்து பக்கத்தில் ஒரு 345 கிலோவோல்ட் லைன் மரத்தில் பட்டு நின்றது. 3.32க்கு இன்னொன்று. 3.41க்கு மூன்றாவது. ஒரு லைன் போனால் அதன் சுமை பக்கத்து லைனில் ஏறும். சுமை ஏறினால் கம்பி சூடாகி, நீண்டு, கீழே தொங்கும். கீழே மரம் காத்திருக்கிறது! (தொடக்கூட வேண்டாம், இடைவெளி குறைந்தாலே மின்சாரம் காற்றில் தாவிவிடும்.) ஃபர்ஸ்ட்எனர்ஜி கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் எச்சரிக்கை தரவேண்டிய சாஃப்ட்வேரும் அன்றைக்குப் பார்த்து படுத்துவிட்டது. 4.10 வாக்கில் நியூயார்க், டெட்ராய்ட், டொரன்டோ எல்லாம் அவுட். சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் இல்லை. அமெரிக்காவுக்கு மட்டும் நஷ்டம் 400 முதல் 1000 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள்.

வெயில் காலம், ஏசி ஓடியிருக்கும், லோடு தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் லைன் நின்றபோது அது தாங்கக்கூடிய சுமையில் 44 சதவீதம்தான் ஓடியது. மற்ற இரண்டும் 88, 93. மூன்றுமே வரம்புக்குள். குற்றம் வெயிலுடையது அல்ல, மரத்துடையதும் அல்ல. மரம் ஒரே நாளில் வளராது சார், வருஷக்கணக்காக எல்லோர் கண்ணெதிரே வளர்ந்தது.

ஏன் வெட்டவில்லை? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கிளை வெட்டும் கூலி இந்த வருஷத்துச் செலவில் ஏறும். வெட்டாவிட்டால் அது அப்படியே லாபமாகத் தெரியும். கிளை மட்டும் அடுத்த வருஷத்துக்கு வளர்ந்துகொண்டே போகும், அதற்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமில்லை. பட்டுவிட்டால் நஷ்டத்தில் பெரும்பங்கு கம்பெனிக்கா? ஐஸ்க்ரீம் உருகிப்போன கடைக்காரருக்கு!

இதைவிட கொடுமை, 1996லேயே அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மரம் பட்டு இரண்டு பெரிய மின்தடைகள் வந்துவிட்டன. அப்போதும் விதிகள் "விருப்பமிருந்தால் கடைப்பிடிக்கலாம்" ரகம்தான். 2005ல் சட்டம் வந்து, 2007 முதல் மீறினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்று ஆனது. அபராதம் என்றால்தான் அரிவாளுக்கே கூர்மை வருகிறது.

நம்மூருக்கு வருவோம். மாதாந்திர பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் திட்டாத வாய் இல்லை. கிளையில் கை வைத்தால் "மரத்தைக் கொல்கிறார்கள்" என்று ஒரு கூட்டம். அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போனால் மரம் சாய்ந்து நிற்கும், அடுத்த புயலில் அதே கம்பி மேல் விழும். ஆனால் கம்பிக்கு நேர் கீழே தூங்குமூஞ்சிக் கன்றை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களை யார் கேட்பது? அங்கே அரளியோ நந்தியாவட்டையோ வைத்தால் கம்பியை எட்டவே எட்டாது. தூங்குமூஞ்சிக்கு ஏரிக்கரையில் இடமா இல்லை?