எட்டு மார்க் கிராஃபும் நூறு டாலர் கால்குலேட்டரும்

டிஸ்கி: இது கணக்குப் பதிவு இல்லை, வயித்தெரிச்சல் பதிவு. சூத்திரம் எதுவும் வராது, தைரியமா படிக்கலாம் :-)

போன வாரம் சேலத்துல காபி வியாபாரம் பண்ற அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். அவர் பொண்ணு இங்க ஏற்காட்டுலதான் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. அமெரிக்காவுல டிகிரி சேரணும், அதுக்கு சாட் பரீட்சை எழுதணும். "தம்பி, உங்க ஃபிரண்டு அங்கிருந்து வர்றாராமே, கிராஃப் போடுற கால்குலேட்டர் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க. டிஐ-84 நல்லதா, என்ஸ்பையர் நல்லதான்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க"ன்னார். கோச்சிங்ல லிஸ்ட் வேற எழுதிக் குடுத்திருக்காங்க. லிஸ்ட்ல முதல் பேரு என்ஸ்பையர் சிஏஎஸ். இருக்கறதுலயே விலை கூடினதை மேல எழுதினா நம்ம ஆளுங்க நம்பிருவாங்கன்னு தெரியும் போல.

"எதுவும் வேணாங்கண்ணா"ன்னேன். மனுஷன் என்னைச் சந்தேகமா பார்த்தார்.

விஷயம் இதுதான் மக்களே. 2023 மார்ச்ல இருந்து வெளிநாட்டு மாணவர்களுக்கு சாட் கம்ப்யூட்டர்லதான் நடக்குது. அந்த மென்பொருளுக்குள்ளேயே டெஸ்மாஸ்னு ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் உக்காந்திருக்கு. கணக்குப் பகுதி முழுக்க அதைப் பயன்படுத்தலாம். இணையத்துல இலவசம், இன்னிக்கு ராத்திரியே பழக ஆரம்பிக்கலாம். அல்ஜீப்ராவைத் தானே சுருக்கித் தர்ற சிஏஎஸ் வகை மாடல்களை 2025 ஆகஸ்ட்ல இருந்து சாட்ல அனுமதிக்கறதே இல்லை. அதாவது, லிஸ்ட்ல முதல்ல இருந்ததை வாங்கியிருந்தா காசும் போய், பரீட்சை ஹால்ல பொருளும் உள்ள போயிருக்காது. (ஐபி பாடத்திட்டப் பசங்க என்னை அடிக்க வராதீங்க. உங்களுக்கு நிஜமாவே அந்தப் பொட்டி வேணும்.)

இந்தப் பொட்டி சமாச்சாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. சாட்ல கால்குலேட்டரை அனுமதிச்சது 1994-ல. அடுத்த வருஷமே அங்க ஏபி கால்குலஸ் பரீட்சைக்கு கிராஃபிங் கால்குலேட்டர் இல்லாம முடியாதுன்னு ஆக்கிட்டாங்க. பரீட்சை கேட்குதுன்னு வாத்தியார் கத்துக்கிட்டார், வாத்தியாருக்குத் தெரிஞ்ச மாடலைப் பசங்க வாங்கினாங்க, பாடப் புத்தகத்துல எந்த பட்டனை அமுக்கணும்னே அச்சடிச்சாங்க. 2004-ல வந்த டிஐ-84 பிளஸ்ல திரை 96-க்கு 64 புள்ளி. உள்ள ஓடுறது 1976-ல பிறந்த இசட்-80 பரம்பரைச் சிப்பு. அதோட கலர்த் திரைத் தம்பிக்கு இன்னிக்கும் நூறு டாலருக்கு மேல. செல்போன் என்னென்னவோ ஆயிருச்சு, இது மட்டும் விலை இறங்க மாட்டேங்குது. பரீட்சை பிடிச்சுக் குடுத்த சந்தைங்க அது.

சரி, அமெரிக்காக்காரனைத் திட்டியாச்சு. நம்ம கதைக்கு வருவோம்.

நான் மலையில அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். அப்பாவுக்கு எஸ்டேட் வேலை. பிளஸ் டூ வரைக்கும் லாகரிதம் டேபிள்தான், சயின்டிஃபிக் கால்குலேட்டரைக் கையால தொட்டதில்லை. 2005-ல இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி இன்ஜினியரிங் சேர்ந்தேன். சீனியர் கிட்ட இரவல் வாங்கின கேஸியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ்ஸோட முதல் இன்டர்னல் எழுதினேன், மெக்கானிக்ஸ். சைன் 30 போட்டா மைனஸ் 0.988-னு வருது. அரைன்னு வரணும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மிஷின் பொய் சொல்லுமா? மிஷினை நம்பிட்டேன். திரை மேல ஓரத்துல 'ஆர்'னு ஒரு குட்டி எழுத்து நின்னுச்சு. அப்படின்னா ரேடியன்ல இருக்குன்னு அர்த்தம், மோட் பட்டனை அமுக்கி மாத்தணும்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. இருபதுக்கு மூணு மார்க். "கால்குலேட்டர் கூடத் தெரியாம எல்லாம் வந்துடறானுங்க"ன்னு கிளாஸ் முன்னாடியே சொன்னார் வாத்தியார். பக்கத்து பெஞ்சு டவுன் பையன் பத்தாவதுலேயே அதை வெச்சு விளையாடினவன். அவனுக்குப் பதினெட்டு.

இன்னிக்கும் நம்ம ஸ்டேட் போர்டு பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்குக் கால்குலேட்டர் கிடையாது. மூணு மாசம் கழிச்சு இன்ஜினியரிங் காலேஜ்ல அது இல்லாம ஒரு கணக்கும் நகராது. நடுவுல இருக்கற அந்தப் பள்ளத்தை யார் தாண்டறது? வீட்ல காசு இருக்கறவன் தாண்டிருவான்.

"கால்குலேட்டர் குடுத்தா மூளை மழுங்கிடும்"னு ஒரு கோஷ்டி வரும். பத்தாவது வரைக்கும் நானும் உங்க கட்சிதாங்க. வாய்ப்பாடு தெரியாதவனுக்கு அந்த மைனஸ் 0.988 தப்புன்னு சந்தேகம்கூட வராது. ஆனா பதினொண்ணாவதுக்கு மேல லாக் டேபிளைப் புரட்டி ரெண்டு நம்பரைப் பெருக்கறதுல என்ன மூளை வளருது? 2011-ல லேப்டாப்பே குடுக்க ஆரம்பிச்ச ஊருங்க இது. 2018-ல இருந்து வந்த புதுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க, க்யூஆர் கோட் போட்டு ஜியோஜீப்ராவுல கிராஃப் வரையச் சொல்லியிருக்கான். நல்ல வேலை, மனசாரப் பாராட்டறேன். ஆனா பரீட்சைல வராததை எந்தப் பள்ளிக்கூடத்துல நடத்துவாங்க?

லட்சக்கணக்கான பசங்களைக் கம்ப்யூட்டர்ல உக்கார வைக்க முடியாது, ஒத்துக்கறேன். கேட் பரீட்சையில கால்குலேட்டர் திரையிலேயே வருது, நமக்கு அந்த வசதி இப்போதைக்கு இல்லை. ஆனா ஐஎஸ்சி போர்டு எஃப்எக்ஸ்-82 எம்எஸ்னு ஒரே மாடலைப் பேர் சொல்லி அனுமதிச்சிருக்கு. சில நூறு ரூபா சாமான். அதையே அரசாங்கம் மொத்தமா வாங்கி பிளஸ் ஒன்ல பாடப் புத்தகத்தோட கையில குடுக்கட்டும், பரீட்சைக்கும் விடட்டும். மூளை மழுங்குற மாதிரி இருந்தா கேள்வியைக் கஷ்டமா கேளுங்க, யார் வேணாம்னா?

எங்க வீட்டுக்குப் பின்னாடி லைன்ல ஒரு பொண்ணு பத்தாவது படிக்குது. அப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட்ல மிளகு பறிக்கறவங்க. கிராஃப் கேள்விக்கு எட்டு மார்க்ங்கறதால தினமும் கிராஃப் ஷீட்ல பரவளையம் போட்டுப் பழகுது. ஜியோஜீப்ராவை என் போன்ல இறக்கிக் காட்டினேன். நெட்வொர்க் இல்லாட்டியும் ஓடுது, நம்ம மலைக்கு ஏத்த சரக்கு. எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னாடி இருக்கற நம்பரை விரலால தள்ளத் தள்ள வளைவு ஒடுங்குது, விரியுது, மைனஸ் ஆனதும் கவுந்துக்குது. பத்து நிமிஷம் போனைத் திருப்பியே தரலை. அப்புறம் கேட்டுச்சு, "இது பரீட்சைக்கு வருமாண்ணா?"

வராதும்மான்னேன். போனைக் குடுத்துட்டு மறுபடி ஸ்கேலை எடுத்துக்கிச்சு.

உங்க வீட்டு மேஜை டிராயர்ல பழைய 991 சும்மா தூங்கிட்டிருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கிருந்து இந்த வருஷம் காலேஜுக்கு இறங்கப் போற பசங்க நாலு பேர் இருக்காங்க. பேட்டரி நான் போட்டுக்கறேன், மோட் பட்டனையும் நானே சொல்லிக் குடுத்துடறேன்.