மதிலுக்கு வெளியே வளரும் செடிகள்: எங்கள் நலச்சங்கத்தின் நிலைப்பாடு

சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் நடைபாதையைக் கடைகள் மட்டும் மறிப்பதில்லை. மதிலுக்கு வெளியே கம்பி வலை அடித்து வளர்க்கும் செடிகளும், மதில் தாண்டித் தொங்கும் காகிதப்பூக் கொடிகளும் மறிக்கின்றன. தள்ளுவண்டிக்காரரை அப்புறப்படுத்தச் சொல்லி மனுப் போடுகிற நாம், செடி என்றால் வாய் திறக்கத் தயங்குகிறோம். மதிலோடு வீட்டின் எல்லை முடிகிறது. அதற்கப்பால் உள்ள இடம் நடப்பவர்களுக்கு உரியது என்பதே எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் நிலைப்பாடு.

வெள்ளைக்கோல் ஊன்றி வருபவருக்குத் தரையில் கிடக்கும் தடை கோலில் தட்டுப்பட்டுவிடும். முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் முள்கிளை தட்டுப்படாது. சக்கர நாற்காலியில் வருபவரும், பேரப்பிள்ளையைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகும் பாட்டியும் வேறு வழியின்றிச் சாலையில் இறங்குகிறார்கள். தெருமுனையில் புதர் மண்டியிருந்தால், திரும்பும் வண்டிக்காரரின் கண்ணுக்கு அவர்கள் கடைசி நொடியில்தான் படுவார்கள்.

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரசின் 103-ஆம் எண் வழிகாட்டுநெறி. தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எனவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உறுப்பினர்கள் கம்பி வலைகளை எடுத்துவிட வேண்டும், கொடிகளை மதிலுக்குள் கழித்துவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் அவற்றின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாது. கழித்த தழையை நடைபாதையிலேயே குவிக்க வேண்டாம். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் யாரும் அரிவாளோடு ஏறக்கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இதைச் சாக்காக வைத்து மரத்தை வெட்டுவதை முழுமூச்சாக எதிர்ப்போம். 2016 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பறிகொடுத்த ஊர் இது. புங்கையும் வேம்பும் தரும் நிழல் இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் எவ்வளவு அகலமான நடைபாதை இருந்தும் யாரும் நடக்க மாட்டார்கள். தலையில் இடிக்கும் கிளையையும் தெருவிளக்கை மறைக்கும் கிளையையும் மட்டும், மாநகராட்சியிடம் சொல்லி, கூடு இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கச் செய்வோம். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடித்தால் மரம் காற்றில் சாய்ந்துவிடும்.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டு முகப்பைச் சீராக்கும் தோட்டக்காரர் கூலியைச் சங்கமே கொடுக்கும். அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.