டூர் போறது பணக்காரங்களுக்கு மட்டுமா?

"கடலுக்குப் போறவன் காசை ரோட்டுல கொண்டுபோய்க் கொட்டணுமா?" பிள்ளைகளோடு ஒருநாள் தஞ்சாவூர் போய் வரலாம் என்று நான் சொன்னதும் என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவங்க கேட்டதிலும் நியாயம் இருக்கு. எங்கள் ஊர் மீனவ கிராமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வருமானம் இல்லாத நேரத்தில் ஊர் சுற்றுவதா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

ஆனால் நான் கேட்கிறேன், மற்ற நாளில் எங்க வீட்டுக்காரர் வீட்டில் இருப்பது எப்போது? பிள்ளைகள் எழுந்திருக்கும்போது அவர் கடலில் இருப்பார், அவர் கரை திரும்பித் தூங்கும்போது பிள்ளைகள் பள்ளியில் இருக்கும். பள்ளி விடுமுறையும் அப்பாவின் ஓய்வும் சேர்ந்து வருவது இந்த மே மாதம் ஒன்றில்தான். அதையும் விட்டால் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

இரண்டு வருஷம் முன்னால் சொந்தக்காரங்களோடு சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். ஒரே நாளில் ஏழு கோயில்! எங்கள் பங்குக்கு நாலாயிரம் ரூபாய். கையில் இல்லாமல் வட்டிக்கு வாங்கினோம். வழியெல்லாம் பையன் வாந்தி. நான் சாம்பார் சாதத் தூக்கையும் பால் புட்டியையும் காவல் காத்தேன். எந்தக் கோயிலில் என்ன சாமி என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கடனை அடைக்க கார்த்திகை மாசம் ஆச்சு. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ டூர் போவது தப்பு. அந்த விஷயத்தில் நான் மாமியார் கட்சிதான்.

அதனால் இந்த முறை வேறு மாதிரி யோசித்தேன். பொங்கல் முடிந்ததிலிருந்து கருவாடு விற்ற காசில் வாரம் நூறு ரூபாய் அரிசி டப்பாவில் போட்டு வந்தேன். பதினைந்து வாரத்தில் 1,500 சேர்ந்தது. அதைத் தாண்டி ஒரு ரூபாயும் செலவு செய்யக் கூடாது என்பது என் கட்டளை. வீட்டுக்காரருக்கும் ஒரு நிபந்தனை: "சாப்பாடு நான் கட்டுறேன். பையையும் பையனையும் நீங்கதான் தூக்கணும்!" சிரித்துக்கொண்டே சரி என்றார்.

விடியற்காலை காரைக்காலில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் மாறி, வெயில் ஏறும் முன்பே தஞ்சாவூர் போய்விட்டோம். நூறு கிலோமீட்டருக்குள்தான் தூரம். நாலு வயசுப் பையனுக்கு டிக்கெட் இல்லை. தமிழ்நாடு அரசு பஸ்ஸில் 2022-ல் இருந்து ஐந்து வயது வரை இலவசம். ஏழு வயசு மகளுக்கு அரை டிக்கெட். தஞ்சாவூருக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் டிக்கெட்டே கிடையாது. இது 2021-ல் வந்த சலுகை. வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ராஜராஜ சோழன் 1010-ல் முடித்த கோயில். "கோபுர நிழல் கீழே விழாதுன்னு சொல்றாங்களேம்மா?" என்றாள் மகள். காலை வெயிலில் நீளமாக விழுந்து கிடந்த நிழலைக் காட்டினேன். அதன் மேலேயே இருவரும் ஓடி விளையாடினார்கள். புத்தகத்தில் நூறு தடவை படித்தாலும் இது வருமா? ஒரு எச்சரிக்கை: பத்தரை மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும். சின்னப் பிள்ளைகளின் கால் தாங்காது. அதற்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போனோம். அங்கேதான் என் மனசு நிறைந்தது. 1955-ல் நம்ம தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். தொண்ணூறு அடிக்கு மேல் நீளம்! அதுவரை பேசாமல் பையனைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன், அதன் முன்னால் நின்று பேச ஆரம்பித்தார் பாருங்கள். "இது மீன் இல்லடா. நம்மள மாதிரி மூச்சு வாங்க மேல வரும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நாம கடல்ல பாக்குற ஓங்கிலும் இதே சாதிதான்." பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்டார்கள். "எங்க அப்பாவுக்குக் கடல் பூரா தெரியும்" என்று என் மகள் அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டாள். அப்பா வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை அது. அந்த ஒரு வார்த்தைக்கே நான் கொடுத்த காசு செரித்துவிட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பஸ் 420, அரண்மனை நுழைவுச் சீட்டும் சில்லறையும் 180, மோர், இளநீர், பால் 170, தலையாட்டிப் பொம்மை 150, திரும்பும்போது கும்பகோணத்தில் டிபன் 280. மொத்தம் 1,200. மீதி முந்நூறு ரூபாய் திரும்ப டப்பாவுக்கே போய்விட்டது.

சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். சின்னப் பிள்ளைகளோடு போனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். பத்து இடத்தில் கால் வைப்பதைவிட இரண்டு இடத்தைக் கண்ணாரப் பார்ப்பது மேல். தண்ணீர், மாற்றுத் துணி, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பை கையோடு இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்விட்டு அடுத்த பஸ் ஏறுங்கள். முக்கியமாக, வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நாமும் ஜன்னலோரம் உட்கார வேண்டாமா? வீட்டில் செய்கிற அதே வேலையை வெளியூரில் போய்ச் செய்தால் அதற்குப் பெயர் உல்லாசப் பயணமா?

"தடைக்காலத்தில் இது தேவையா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஆம்பளைங்க சும்மா இருக்கிற அந்த இரண்டு மாசத்தில் காசு எங்கெங்கே கரைகிறது என்று நம் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு பார்த்தால் இந்த ஆயிரத்து இருநூறு வீண் செலவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் பாட்டியிடம் திமிங்கலக் கதையைத்தான் முதலில் சொன்னாள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது ஒதுங்கினப்ப எங்க அப்பாரு கட்டுமரத்துல போய்ப் பார்த்துட்டு வந்ததா சொல்லுவாரு. நான் பார்த்ததில்ல" என்றார். மறுநாள் அரிசி டப்பாவைத் திறந்தால் என் முந்நூறோடு புதுசாக ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு கிடக்கிறது! "அடுத்த வருஷக் கணக்குல என்னையும் சேத்துக்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

என்ன சகோதரிகளே, நீங்களும் இன்றைக்கே ஒரு டப்பாவை எடுத்து வைக்கலாமே!

– மீனவர் வீட்டு வாசகி, கருக்களாச்சேரி, காரைக்கால்.